பாளை சீவுகிறவனின் இன்று

சில ஆண்டுகளாகப் பனைவிதை நடும் கூட்டங்களைக் காணும்போதெல்லாம் மகிழ்ச்சியும் நெருடலும் சேர்ந்தே வருகின்றன. மகிழ்ச்சிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்க் கரையில் வரிசையாக நின்று, மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, நாரோடிய கறுத்த கொட்டையைக் குழிக்குள் வைத்து, காலால் மண்ணைத் தள்ளி மூடும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து யார் முகம் சுளிப்பார்கள்? நெருடலுக்குத்தான் காரணம் தேட வேண்டியிருக்கிறது. 2023இல் தமிழ்நாட்டுக் கடற்கரையின் 1,076 கிலோமீட்டர் நெடுக 1 கோடி பனைவிதை நடப்போவதாக அறிவித்தார்கள். எண்ணைக் கேட்டதும் மனம் நிறைந்தது. மறுகணமே ஏனோ சுருங்கியது. வருங்காலத் தலைமுறைக்காக என்று பதாகையில் எழுதுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், வீட்டுக்குப் போய்விடுகிறோம். பனையை நட்டவர் அப்படிப் போய்விடலாம்தான். தென்னம்பிள்ளைக்குப்போல் அதற்குக் குடம் சுமக்க வேண்டாம், ஆடு கடிக்காமல் முள்வேலி கட்ட வேண்டாம். ஐப்பசி மழையில் தானே முளைத்து, கோடையில் தானே தாக்குப்பிடித்து, 15 ஆண்டுக்கோ 20 ஆண்டுக்கோ பிறகு தானே பாளை விடும். ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். நம் காலத்துக்கு இவ்வளவு வசதியான நம்பிக்கை வேறு கிடைக்காது என்று தோன்றுகிறது. நட்டவனிடம் அது எதையும் கேட்பதில்லை. எதையும் கேட்காத நம்பிக்கையை நம்பிக்கை என்று சொல்லலாமா என்பதுதான் என் நெருடல்.

பனங்கொட்டை முளைக்கும் விதத்தை மண்ணைப் பறித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்ற விதைகளைப்போல் அது வெளிச்சத்துக்கு அவசரப்படுவதில்லை. கொட்டையின் கண்ணிலிருந்து குழல்போன்ற வெள்ளை முளை ஒன்று புறப்பட்டு நேரே கீழே இறங்குகிறது. கருவையும் தன்னுள்ளேயே சுமந்துகொண்டு முழ ஆழத்துக்கும் மேலாக இறங்கி, அங்கே நிலைகொண்ட பிறகுதான் முதல் குருத்து மேல்நோக்கித் திரும்புகிறது. அதுவரை மேலே நிற்பவனுக்கு வெறும் மண்தான் தெரியும். அந்த ஆழத்தில் மாவு திரண்டு நிற்பதைத்தான் கிழங்கு என்று தோண்டி எடுக்கிறோம். செம்மணல் தேரிப் பக்கத்து ஊர்களில் பனம்பழக் கொட்டைகளைப் பாத்தி கட்டி மண்ணில் அடுக்கி, மூன்று நான்கு மாதம் கழித்துப் பறிப்பார்கள். பொங்கலுக்கு முந்தைய வாரம் சந்தைகளில் கட்டுக்கட்டாகக் குவியும் கிழங்கு ஒவ்வொன்றும் மரமாக ஆகியிருக்க வேண்டியது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நார் உரித்து, இரண்டாக ஒடித்து, நடுவிலிருக்கும் தும்பை எறிந்துவிட்டுத் தின்கிறோம். தூர எறிகிறோமே, அந்தத் தும்புதான் மரத்தின் குருத்து. சிறு வயதில் இது எனக்கு உறைத்ததில்லை. இப்போதும் இதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை என்றே நினைக்கிறேன். பாத்தி போடுகிறவர்கள் எல்லாக் கொட்டையையும் பாத்தியில் இட்டதில்லை. வடலியாக வளரட்டும் என்று வேலியோரம் சிலவற்றை விட்டார்கள். எல்லாவற்றையும் தோண்டித் தின்றவனுக்கு மரமில்லை, எதையும் தோண்டாமல் காத்தவனுக்குப் பொங்கலில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை கொட்டையை விடுவது, எத்தனையைத் தின்பது என்ற கணக்கு அந்தந்த ஆண்டின் பசியையும் மழையையும் வைத்துப் போடப்பட்டது. அதைச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம் எதுவுமில்லை.

உடன்குடிக்குத் தெற்கே, செம்மணல் தேரி தொடங்கும் இடத்தில், பதநீர் காய்ச்சும் குடிசையான ஒரு விடிலியின் நிழலில் உட்கார்ந்து பதநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவரிடம் விதை நடுவதைப் பற்றிப் பேச்செடுத்தேன். அறுபதைத் தாண்டியவர். நெஞ்சில் இரண்டு பக்கமும் தோல் தடித்து, மரத்தின் சிராய்ப்பு மரத்தைப்போலவே அவர் மேல் படிந்திருந்தது. பட்டையில் ஊற்றித் தந்த பதநீரில் சுண்ணாம்பு வாடையும் ஓலையின் பச்சை வாடையும் கலந்திருந்தன. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அரிவாளைத் துடைத்துக்கொண்டே, “நல்ல காரியந்தான் தம்பி. கொட்டய நட்டுட்டுப் போயிருதிய. ஏறுததுக்கு ஆள எங்க நடுவிய?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பதில் எதிர்பார்த்தவர்போல் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே சட்டியில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி உடைமுள்ளை அடுப்பில் தள்ளிக்கொண்டே, “அவுக பிள்ளையளப் படிக்க வப்பாவ, நம்ம பிள்ளைய மட்டும் ஏறணுமாக்கும்” என்றார், யாரிடம் என்றில்லாமல். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுப்பவை. கணவர் ஏற ஆளில்லையே என்கிறார். மனைவி ஏற வேண்டாம் என்கிறார். இரண்டுமே உண்மை என்பதுதான் அன்று முதல் என்னைத் தொந்தரவு செய்கிறது.

பாளை சீவுவதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சுற்றிச் சுற்றி வருவது இந்த வேலையைத்தான். பாளையை முதலில் இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்துகிறார்கள். பிறகு நுனியை அரிவாளால் மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார்கள். சீவிய வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊறுகிறது. காலையில் ஏறிச் சீவ வேண்டும், மாலையில் ஏறி மறுபடி சீவ வேண்டும். சீவிய இடம் காற்றுப் பட்டுக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். புதிதாக ஓர் ஏடு சீவினால்தான் மறுபடி ஊறும். நாலு நாள் ஏறாமல் விட்டால் பாளை வற்றிவிடும், அந்தப் பாளை அவ்வளவுதான். நேற்று எவ்வளவு நேர்த்தியாகச் சீவியிருந்தாலும் அது இன்றைக்குச் சொட்டாது. நாளைக்கு ஊருக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று இன்றே இரண்டு மடங்கு சீவி வைக்கவும் முடியாது. சீவினால் பாளைதான் குறையும். கைப்பழக்கம் முன்னோர் தந்தது, மரம் பாட்டனோ பூட்டனோ விட்டுப்போனது, காய்ச்சிய கருப்பட்டி நாளைக்குச் சந்தைக்குப் போவது. ஆனால் இறந்தகாலமும் எதிர்காலமும் சேர்ந்து ஒரு சொட்டுக்கூடத் தர முடிவதில்லை, இன்று காலை ஒருவர் 60 அடி ஏறி ஒரு மெல்லிய ஏட்டைச் சீவி எறியாவிட்டால். நிகழ்காலத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிப் படித்திருக்கிறேன். மரத்தின் உச்சியில் அரிவாள் நுனியில் இருக்கும் இந்த நிகழ்காலம்போல் துல்லியமானதை எங்கும் கண்டதில்லை.

இதை எழுதும்போதே உள்ளுக்குள் ஒரு குரல் தடுக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவன் நிகழ்காலத்தைப் புகழ்வது எளிது. இந்தக் கணத்தில் வாழ் என்று சொல்லும் வார இதழ்களும் பயிலரங்குகளும் கணத்திலிருந்து தப்பிக்க வழியுள்ளவர்களுக்கானவை. அந்தப் பெரியவருக்குத் தப்பிக்க வழியில்லை. மாசி பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஞாயிறு கிடையாது, நல்ல நாள் பொல்லாத நாள் கிடையாது. 30, 40 மரம் வைத்திருப்பவர் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் அத்தனையிலும் ஏறி இறங்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டி முடித்த கையோடு மாலைச் சீவலுக்குத் திரும்பிவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் மரத்துக்குத் தெரியாது. மழை பெய்து மரம் வழுக்கினாலும் பாளை காத்திருக்காது. மேலே இருக்கும்போது கைதவறினால் கீழே எலும்புகூடத் தேறாது. இப்படி ஒருவனை இன்றிலேயே கட்டிப்போடும் வேலையை வாழ்வின் பொருள் என்று தூரத்திலிருந்து சொல்ல எனக்கு என்ன தகுதி? நிகழ்காலம் சிலருக்கு வரம், சிலருக்கு விலங்கு. எது எப்போது எதுவாகிறது என்பது அவரவர் கையில் வேறு ஒரு வழி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. அந்தப் பெரியவரிடம் வேலை பிடிக்குமா என்று கேட்டதற்கு அவர் பிடிக்கும் என்றும் சொல்லவில்லை, பிடிக்காது என்றும் சொல்லவில்லை. “மேல போயிட்டா காத்து வரும் தம்பி. கடல் தெரியும்” என்றார். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை முடிவுசெய்ய முடியவில்லை.

கடந்தகாலம் பாடம் தரும் என்கிறார்கள். தருகிறதுதான், ஆனால் கேட்கிறவருக்குத் தக்கபடி மாற்றி மாற்றித் தருகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது தென்னைகள் தோப்புத்தோப்பாகச் சாய்ந்தன. வீழ்ந்த தோப்புகளுக்கு நடுவே பனைகள் பெரும்பாலும் நின்றன. அதைப் பார்த்தவர்கள் பனையை நட வேண்டும் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். செங்கல் சூளைக்கு விறகாக லாரி லாரியாகப் பனை போனதைப் பார்த்தவர்கள் வெட்டுவதைத் தடுக்க வேண்டும் என்றார்கள். 2021இல், ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்ற அறிவிப்பு வந்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எறிகணையில் தலை போய் மொட்டையாக நின்ற பனைகளைப் பார்த்தவர்களுக்கு வேறொரு பாடம். பனைக்கு ஒரே ஒரு குருத்துதான். அது போனால் கிளைத்து வர வழியில்லை, அடிமரம் எத்தனை உறுதியாக இருந்தாலும் செத்ததுதான். வெட்டிப் பார்த்தாலும் பனைக்குள் ஆண்டு வளையம் கிடையாது. மற்ற மரங்கள் தங்கள் ஆண்டுகளை உள்ளே ஒளித்துவைக்கின்றன. பனை தன் இறந்தகாலத்தை வெளியே, உதிர்ந்த மட்டைகளின் தழும்பாக உடம்பெங்கும் போட்டுக்கொண்டிருக்கிறது. ஏறுகிறவன் அந்தத் தழும்பைப் பற்றிக்கொண்டுதான் மேலே போகிறான்.

ஆனால் ஏறியவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. தென் திருவிதாங்கூரில் ஏறும் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைக்கும்கூட வரி கேட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தோளில் சீலை போடுவதற்கு ஒரு தலைமுறைக்கும் மேலாக அடிபட வேண்டியிருந்தது. 1859இல் அரசாணை வந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. தேரிக்காட்டு இடையன்குடியில் வாழ்நாளெல்லாம் ஊழியம் செய்த கால்டுவெல், பள்ளியும் கோயிலும் கட்டியவர்தான், 1849இல் அச்சிட்ட சிறுநூலில் பனையேறும் மக்களின் அறிவையும் குணத்தையும் தாழ்த்தி எழுதினார். அதை எதிர்த்துப் பின்னாளில் எழுந்து நின்றவர்கள் அந்தச் சமூகத்தில் பிறந்து படித்து வந்தவர்களே. இந்த வரலாற்றை உடம்பில் சுமந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான்: நீ ஏறாதே. புயலைப் பார்த்தவன் பனை வேண்டும் என்கிறான், தழும்பைப் பார்த்தவன் வேண்டாம் என்கிறான். ஒரே மரம், ஒரே இறந்தகாலம். மரத்தின் அருமையை இப்போது உரக்கப் பேசும் என் போன்றவர்கள், அந்த அருமைக்கு யாருடைய நெஞ்சுத்தோல் விலையாகப் போனது என்பதை அநேகமாகக் கேட்பதில்லை. பாரம்பரியம் என்ற போர்வையை இழுத்து மூடினால் உள்ளே இருக்கும் சாதியும் வரியும் அடியும் தெரியாமல் போய்விடுகின்றன. அப்படி மூடி எடுத்த பாடம் எந்தக் காலத்துக்கும் பயன்படாது.

ஏறாதே என்று சொன்னவர்கள் அதோடு நிறுத்தவில்லை. இந்த இடத்தில்தான் என் குழப்பத்துக்கு ஓரளவு வெளிச்சம் கிடைக்கிறது. மரத்தை விட்டு வணிகத்துக்கு வந்தவர்கள் விருதுநகரில், அன்றைய விருதுபட்டியில், 1889இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். கடைவீதியில் மகமை பிரித்தார்கள். வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைத்தார்கள். அந்தப் பிடியரிசியை வீடுவீடாகச் சேகரித்து, விற்றுப் பள்ளியை நடத்தினார்கள். 1903இல் பிறந்த காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான். அவர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு தொடங்கியதையும் இந்தப் பிடியரிசியையும் நேர்க்கோடு போட்டு இணைத்துவிடும் ஆசை எனக்கும் உண்டு. அது அவ்வளவு எளிதான கோடா என்று தெரியாததால் விட்டுவிடுகிறேன். என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு பிடிதான். அரிசி மிஞ்சியபோது தரலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அறுவடைக்குப் பிறகு மொத்தமாகத் தருகிறோம் என்று தவணையும் சொல்லவில்லை. இன்றைய உலைக்கு அளந்த அரிசியிலிருந்து, இன்றைய சோற்றில் ஒரு கவளம் குறையும்படி, இன்றைக்கே எடுத்தார்கள். நாளைக்கும் அப்படியே. பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரென்றுகூடப் பல பேருக்குத் தெரிந்திருக்காது. தங்களுக்குத் தெரியாத ஒரு பிள்ளையின் தெரியாத ஒரு நாளுக்காக, தங்கள் பானையில் தெரிகிற அளவுக்குக் குறைத்துக்கொண்டார்கள்.

நம்பிக்கையைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் இந்தப் பிடியரிசியின் முன்னால் கொஞ்சம் கூசுகிறது. நம்பிக்கை என்றால் நாளைய வெளிச்சத்தை இன்று பார்த்துக்கொண்டிருப்பது என்று நினைத்திருந்தேன். அதற்கு ஓர் எடை உண்டு என்றும், அந்த எடை இன்றைய பானையிலிருந்து கழிக்கப்பட வேண்டும் என்றும் தோன்றியதில்லை. பிடியரிசி எடுத்த கையும் பாளை சீவிய கையும் ஒரே காரியத்தைத்தான் செய்தன. இரண்டுக்கும் விடுப்பு கிடையாது. இரண்டும் செய்து முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடியவை அல்ல. வித்தியாசம் ஒன்று உண்டு, அது பெரிய வித்தியாசம். பாளை சீவியவனுக்கு வேறு வழியில்லாமல் இருந்தது. அரிசி எடுத்தவள் எடுக்காமலும் இருந்திருக்கலாம். கட்டாயத்தால் வந்த நிகழ்காலத்தைச் சுமந்தவர்கள், அடுத்த தலைமுறைக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் போக, தாங்களாகவே இன்னொரு தினசரி வேலையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். வாழ்வின் பொருள் என்று ஏதாவது இருந்தால் அது இந்தத் தோள் மாற்றத்தில்தான் இருக்கிறது என்று நம்ப விரும்புகிறேன். முழுதாக நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். விடிலியில் கேட்ட இரண்டாவது வாக்கியத்துக்கு இது பதிலாகலாம். முதல் வாக்கியம் இன்னும் அப்படியே நிற்கிறது. பிள்ளைகள் படித்துப் போனது சரி, மரத்தில் யார் ஏறுவது?

யாரும் ஏற வேண்டாம், கருவி ஏறட்டும் என்பார்கள். கருவிகள் வந்திருக்கின்றன, ஆட்களைப் பாதுகாப்பாக உச்சிக்குக் கொண்டு சேர்ப்பவையும் உண்டு, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் மேலே போன பிறகு மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, எந்தப் பாளைக்கு எவ்வளவு அழுத்தம், எத்தனை ஏடு என்று பார்த்துச் சீவ ஒரு கை வேண்டும். அந்தக் கைக்குக் கூலி வேண்டும், மரியாதை வேண்டும், விழுந்தால் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டும். இதில் சட்டத்தின் விசித்திரம் வேறு. கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் அது பதநீர், சுண்ணாம்பு குறைந்து புளித்தால் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் கால் வைத்தால் அதே கள் கடையில் விற்கிறது. கள் இறக்கலாமா கூடாதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஏறுகிறவன் ஒவ்வொரு நாளும் சுண்ணாம்பின் அளவுக்கு இப்பக்கமோ அப்பக்கமோ நிற்கிறான் என்பதை மட்டும் சொல்கிறேன். சாதியும் சட்டமும் கூலியும் இப்படி இருக்கும் வரை அந்த வேலைக்குப் பிள்ளைகளை அழைப்பது அநியாயம். அவற்றை மாற்றினால், வேறு வழியுள்ள ஒருவன் தானாக விரும்பி ஏறும் நாள் வரலாம். விலங்காக இருந்த வேலை அன்றைக்குத்தான் தொழிலாகும்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். காய்ச்சுகிறவளைக் காக்குமா என்பது நம் கையில் இருக்கிறது. பத்து லிட்டர் பதநீரை மணிக்கணக்கில் காய்ச்சி, கூப்பனிப் பதம் தாண்டித் துழாவி, சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கருப்பட்டி கிடைக்கும். அதில் சீனியைக் கரைத்து ஊற்றினால் அளவு பெருகும், விலை இறங்கும். சந்தையில் நாம் தேடிப் பிடித்து வாங்குவது அநேகமாக அதைத்தான். மலிவாகக் கேட்டவர்கள் நாம், கலப்படம் அதற்கான பதில். ஏறுகிறவருக்கும் காய்ச்சுகிறவருக்கும் நியாயமான விலை கொடுக்காமல் அந்த மரத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் பேச்சு எல்லாமே அடுத்தவர் பானையிலிருந்து எடுத்த பிடியரிசி. இதைப் படிக்கிறவரிடம் ஒன்று கேட்கிறேன். பதநீர்ப் பருவத்தில் தென்பக்கம் போக நேர்ந்தால் சாலையோரக் கடையோடு நின்றுவிடாமல் ஒரு விடிலிக்குள் போங்கள். ஏறுகிறவர் யார், அவருக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரியுங்கள். காய்ச்சிய பெண் சொல்லும் விலையைப் பேரம் பேசாமல் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டும் போங்கள்.